தலையை ஆட்டினால் எத்தனை மில்லி

நம் மருந்தாளுநர் இதழில் இந்தக் கட்டுரையைப் போடலாமா என்று ஆசிரியர் குழு யோசிக்கும் என்று தெரியும். தாராளமாக யோசிக்கட்டும். போட்டபின் வருகிற கண்டனக் கடிதங்களை என் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சேந்தமங்கலத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு மெமோ கொடுக்க இனி என் மனைவியைத் தவிர யாருக்கும் அதிகாரம் கிடையாது.

விஷயம் இதுதான். கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் நாற்காலியில் இப்போது உட்காரும் தம்பி போன வாரம் போன் செய்தான். நல்ல பையன், கெட்டிக்காரன். பெண்களுக்கான மருந்துகளை எல்லாம் இனிமேல் கறுப்புக் கவரில் போட்டு, அச்சடித்த துண்டுச்சீட்டு ஒன்றை உள்ளே வைத்து, வாயே திறக்காமல் நீட்டிவிடப் போகிறானாம். அவங்களுக்கும் சங்கடமில்லை, நமக்கும் சங்கடமில்லை, எப்படி அண்ணா யோசனை என்று கேட்டான். சீனியர் என்ற முறையில் என் ஆசி வேண்டுமாம்.

ஆசி கொடுக்கவில்லை. கவரைக் கிழித்துப் போடு என்றேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற சமாசாரமில்லை, எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் டிப்ளமோ. யோனி என்ற சொல் பாடப்புத்தகத்தில் வந்த இடத்தில் எங்கள் வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, இதை நீங்களே படிச்சுக்குங்க என்றார். நாங்களும் படித்துக்கொள்ளவில்லை. அந்தப் படிப்போடுதான் அரசாங்கம் என்னை நம்பி ஒரு மருந்து ஜன்னலைக் கொடுத்தது. சமவெளியில் சில ஊர்கள், அப்புறம் மலை. தினமும் காலையில் பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவையும் சுற்றி மேலே போய், சாயங்காலம் அதே எழுபதையும் திரும்பச் சுற்றிக்கொண்டு வீடு வருவேன்.

ஜன்னலுக்கு அந்தப்பக்கம் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்று எது வந்தாலும் நான் ராஜா. விளக்கம் சொல்வேன், ஜோக் அடிப்பேன், மாத்திரையை முழுங்க மறுக்கும் குழந்தையிடம் பாட்டுக்கூடப் பாடுவேன். ஆனால் சீட்டில் 'வெள்ளைப்படுதல்' என்று டாக்டர் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டால் முதலில் என் காதுதான் சிவக்கும். அடுத்து கழுத்து வியர்க்கும். கத்தரிக்கோல் கையில் இருக்கும்போதே அதை மேசையெல்லாம் தேடுவேன். ஆறு மாத்திரையை நாலு தடவை எண்ணுவேன். கடைசியில் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "ராத்திரி ஒண்ணு" என்று சொல்லி ஜன்னலில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். எதை, எங்கே, எப்படி என்பதெல்லாம் அந்தக் காலண்டருக்குத்தான் வெளிச்சம்.

வழக்கமாக இந்த மருந்துகளை நர்ஸ் கையால் கொடுக்க வைத்துத் தப்பித்துக்கொள்வேன். நர்ஸ் பிரசவ அறைக்குப் போய்விட்டால் என் பாடு திண்டாட்டம். இந்தக் கூத்தை வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. "ஊருக்கே மருந்து குடுக்கறீங்க. எனக்கு ஒரு நாப்கின் வாங்கச் சொன்னா, நியூஸ்பேப்பர்ல சுத்தி, கவர்ல போட்டு, திருட்டு நகை மாதிரி கொண்டாந்து வெக்கறீங்க" என்றாள். உண்மைதான். அந்தப் பொட்டலத்தை வாங்கிவர நான் கடைவீதியையே ஒரு சுற்றுச் சுற்றுவேன், தெரிந்த முகம் எதுவும் இல்லாத கடை அகப்படும் வரைக்கும்.

அந்த நிலைமையில்தான் ஸ்டெல்லா மேடம் எங்களுக்கு மருத்துவ அலுவலராக வந்தார். தெற்கத்திக்காரர், ஒல்லி, அதிகம் பேசமாட்டார். வருகிறவர்களிடம் என்ன தொந்தரவு என்று கேட்பார், எத்தனை நாளாக என்று கேட்பார், மூன்றாவதாக, "இங்க வரதுக்கு முன்னாடி நீங்களா என்ன பண்ணுனீங்க?" என்று கேட்பார். இந்த மூன்றாவது கேள்விக்கு உண்மையான பதில் வரும்வரை பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பதில் சொல்லாவிட்டால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டினாலும் பேனா திறக்காது. யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி அந்தக் கேஸ். அவளைப் பூங்கொடி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் வேறு. எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்க சார், ஆனா என்னைய அழுகற மாதிரி மட்டும் எழுதாதீங்க, நான் அழுகலை என்றாள். மலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சிற்றூர். வயது முப்பதுக்கு மேல். மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு விடுதிப் பள்ளியில் சமையல் வேலை, அதுவும் தற்காலிக வேலை. வார்டன் வேண்டாம் என்றால் அன்றோடு சரி.

ஒருநாள் பூசணிக்காய் வெட்டும்போது கத்தி உள்ளங்கையில் இறங்கிவிட்டது என்று வந்தாள். தையல் போட்டு, ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையும் புண்ணைக் கழுவக் கிருமிநாசினி ஒரு பாட்டிலும் கொடுத்தோம். அந்த மருந்தை எத்தனை மூடி எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று நானே சொன்னேன், காலண்டரைப் பார்க்காமல். கைதானே.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் வந்தாள். கை ஆறிவிட்டது. இப்போது கீழே தாங்க முடியாத அரிப்பு, தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுதல். அன்று மேடம் கூட்டத்துக்காகக் கீழே போயிருந்தார். வேறொரு டாக்டர் பார்த்து, பூஞ்சைத் தொற்று, உள்ளே வைக்கிற மாத்திரை ஆறு நாளைக்கு என்று எழுதினார். நர்ஸ் பிரசவ அறையில். நான் வழக்கம்போல நாலு தடவை எண்ணினேன். அவளுக்குப் பின்னால் ஏழெட்டு ஆம்பளைகள் நின்றார்கள். அவள் ஜன்னல் கம்பிக்குள் முகத்தை வைத்து மெல்லக் கேட்டாள்:

"ஏனுங்க சார், கைக்குக் குடுத்தீங்கல்ல மருந்து, அது மிச்சம் இருக்குதுங்க. அதைய ஊத்தி உள்ளாரக் கழுவுனா நல்லதுங்களா?"

ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது. கூடாது என்பதும் தெரியும். ஆனால் கூடாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்லப் போனால் அந்த ஏழெட்டுப் பேர் முன்னால் நான் வாயில் எடுக்கவேண்டிய வார்த்தைகளை நினைத்தேன். காது சிவந்தது. தலையை ஆட்டினேன். மேலும் கீழுமாக. நல்லது என்கிற ஆட்டு.

அவள் போய்விட்டாள். தப்பித்தோம் என்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மறுபடி சொல்கிறேன், தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்து அவள் வந்தபோது கால்களை அகட்டி வைத்து நடந்து வந்தாள். பெஞ்சில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்து நின்றாள். மேடம் அறைக்கும் என் ஸ்டோருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே பேசுவது இங்கே கேட்கும். மேடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டார். அப்புறம் அவள் சொல்லிவிட்டாள். தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அந்த மருந்தை ஊற்றி, தினமும் காலையிலும் சாயங்காலமும் உள்ளே பீய்ச்சிக் கழுவியிருக்கிறாள். எரிய எரிய, அழுக்கு போகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக. மருந்து தீர்ந்த நாளில் எலுமிச்சம்பழம். ராத்திரி வைத்த மாத்திரையைக் காலையில் கழுவிக் கொட்டிவிட்டாள், ஆறு நாளும்.

"யார் கழுவச் சொன்னது?"

"மருந்து குடுக்கற சார்தானுங்க."

அந்த நிமிஷம் எனக்குத் திடீரென்று ஸ்டாக் ரூமில் அவசர வேலை ஞாபகம் வந்தது. போய் ஒரு அட்டைப்பெட்டிக்குப் பின்னால் குனிந்து, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளை அடுக்கினேன். ஏற்கனவே அடுக்கியிருந்ததைக் கலைத்து அடுக்கினேன். நர்ஸ் வந்து, மேடம் கூப்பிடறாங்க, பெட்டிக்குப் பின்னாடி இருக்கிறது தெரியுது வாங்க, என்றார்.

போனேன். பூங்கொடி திரைக்கு அந்தப்பக்கம் படுத்திருந்தாள். மேடம் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எத்தனை மூடி சொன்னீங்க?"

"மூடியெல்லாம் சொல்லலைங்க மேடம். தலையை ஆட்டினேன்."

"தலையை ஆட்டினா எத்தனை மில்லி?"

மேடம் பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டார். நானும் ஒரு நோயாளி ஆகிவிட்டேன் என்று புரிந்தது. காத்திருந்தார். தெரியும் மேடம், கூடாதுன்னு தெரியும், ஆம்பளைங்க நின்னாங்க, வெட்கப்பட்டேன் என்று ஒருவழியாகச் சொன்னேன். அப்போதுதான் பேனா திறந்தது.

"அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. தப்பு உங்களுதுன்னும் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

நர்ஸ் திரையை விலக்கி, அவளை எழுப்பிப் போர்வை போர்த்தி உட்கார வைத்தார். நான் ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாக்கியத்தை ஃபேனைப் பார்த்துச் சொன்னேன். ஃபேனுக்கு ஒண்ணுமில்லை, அவங்களைப் பாருங்க என்றார் மேடம். பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்தப் பயம் என்னுடையதை விடப் பெரியது. அதைப் பார்த்ததும் என் காது தானாகக் குளிர்ந்துவிட்டது.

சொன்னேன். நான் தலையாட்டியது தப்பு, அம்மணி. யோனிக்குள்ளே கழுவவே தேவையில்லை, அது தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்கொள்ளும். நல்ல கிருமிகள் உள்ளே காவலுக்கு இருக்கின்றன. கைப்புண்ணுக்குச் சாப்பிட்ட மாத்திரையால் அவற்றில் பாதி செத்ததால் பூஞ்சை தலைதூக்கியது. மிச்சப் பாதியை நீ ஊற்றிய மருந்து கொன்றது, தோலையும் பொசுக்கிவிட்டது. இது அழுக்கு கிடையாது. நீ சுத்தமில்லாதவள் என்பதால் வந்ததும் கிடையாது. கழுவக் கழுவ அதிகம்தான் ஆகும்.

அவள் சமையல்காரி அல்லவா, அடுப்படிக் கணக்கிலேயே கேட்டாள். "உறை ஊத்தி வெச்ச பால்ல பினாயிலைக் கொட்டுன கணக்குங்களா?"

மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். அதேதான், ஆனா அதுக்காகத் தயிரை எடுத்து உள்ள வைக்கக் கூடாது, அதையும் செய்றவங்க இருக்காங்க என்றார்.

பிறகு முறைப்படி நடந்தது. சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. மாதவிலக்கு எப்போது வந்தது, கர்ப்பமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார் மேடம். புண் ஆறும்வரை ஐந்து நாளைக்கு ஒன்றுமே போடக் கூடாது. வெளியே மட்டும் சாதாரணத் தண்ணீர், சோப்பு வேண்டாம், துடைத்து ஈரமில்லாமல் வைக்க வேண்டும். அதன் பிறகு ஆறு ராத்திரி, கை கழுவிக்கொண்டு, படுத்தபடி மாத்திரையை உள்ளே தள்ளி வைத்து அப்படியே தூங்க வேண்டும். காலையில் கொஞ்சம் வெள்ளையாகக் கசிந்தால் பயப்படக் கூடாது, அது மருந்து. அரிப்பு நின்றாலும் ஆறையும் முடிக்க வேண்டும். உள்பாவாடையையும் ஜட்டியையும் எங்கே காயப் போடுகிறாய் என்று மேடம் கேட்டார். கதவுக்குப் பின்னால், சேலைக்கு அடியில் என்றாள். மலையில் மழைக்காலப் பனியில் அங்கே துணி என்றைக்குக் காயும்? நாலு நாளானாலும் நசநசவென்றுதான் இருக்கும். வெயிலில் போடு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றார் மேடம்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் மாத்திரையை அவள் கையில் கொடுக்கப் போனேன். மேடம் தடுத்தார். இப்ப அவங்க சொல்லட்டும் என்றார். பூங்கொடி முதல் நாளிலிருந்து கடைசி ராத்திரி வரை தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னாள். ஒரு இடத்தில் விட்டாள். மறுபடி சொன்னாள். அப்புறம்தான் மாத்திரை கைமாறியது. அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் அதுவே சட்டம். வாங்குகிறவர் சொல்லிக் காட்டாமல் எந்த மருந்தும் ஜன்னலைத் தாண்டாது. வரிசை பெஞ்சைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டோம், ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காத தூரத்தில். தம்பி, அவர்களுக்கு வேண்டியது தூரம். நீ கொடுக்கப் பார்ப்பது மௌனம். அச்சடித்த சீட்டிடம் போய் 'ஏனுங்க, கைக்குக் குடுத்த மருந்தை ஊத்தலாமுங்களா' என்று யாரும் கேட்க முடியாது.

அன்று எழுந்து போகும்போதுதான் பூங்கொடி தன் நிஜமான பயத்தைச் சொன்னாள். கூட வேலை பார்க்கிற பெண் வார்டனிடம் சொல்லிவிட்டாளாம், இவளுக்கு ஏதோ பொம்பளை நோவு, அடுப்பங்கரையில் நின்றபடி நெளிகிறாள் என்று. நோய் போய்விட்டது என்று சர்டிபிகேட் கொண்டுவராமல் பாத்திரத்தைத் தொடக் கூடாது, இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று வார்டன் உத்தரவு. அந்த வேலையை விட்டால் பிழைப்புக்கு மலையிறங்கித்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் அப்படிக் கழுவித் தள்ளியிருக்கிறாள்.

மேடம் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: சமையல் பணி செய்யத் தகுதியானவர். நோயின் பெயர் வார்டனுக்குத் தேவையில்லை என்றார்.

இரண்டு வாரத்தில் பூங்கொடிக்கு முழுதாகக் குணமாகிவிட்டது. ஆனால் வார்டன் அந்த ஒற்றை வரியில் திருப்தி அடையவில்லை. நான் மாதாமாதம் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொண்டுபோகிற நாள் வந்தது. விடுதிக்குப் போனால், பூங்கொடி சமையலறை வாசலில் வெளியே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே போக அனுமதி இல்லை. இன்னொரு பெண் அடுப்படியில். வார்டன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து தோளில் கை போட்டார். நாங்கள் இருவரும் சமவெளிக்காரர்கள், ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள்.

"சார், நமக்குள்ள சொல்லுங்க. அந்தம்மாவுக்கு என்ன நோவு? குழந்தைங்க சாப்பிடற எடமுங்க. அது போச்சா, இல்லையா?"

குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் அவள் கை வெங்காயத்தின் மேல் நின்றுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கழுத்து மறுபடி வியர்த்தது. தலை பழைய வழக்கத்தில் ஆடப் பார்த்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்து நிறுத்தாத குறை.

"யாருக்கு என்ன மருந்து குடுத்தேன்னு உங்ககிட்டச் சொல்லமாட்டேனுங்க. யாரு கேட்டாலும் சொல்லமாட்டேன். டாக்டர் எழுதுனது போதும்" என்றேன். என் குரல் கொஞ்சம் கிறீச்சிட்டது. பரவாயில்லை, சொல்லிவிட்டேன்.

வார்டன் விடவில்லை. இது சாப்பாட்டு விஷயம் என்று ஆரம்பித்தார். அப்போது பூங்கொடி எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக வந்தாள்.

"அவரு சொல்லவேண்டாமுங்க, நானே சொல்றேன். எனக்கு வந்தது பூஞ்சை. உள்ளார வந்துச்சு. மருந்து வெச்சேன், போயிருச்சு. அது சோத்துல கலக்காதுங்க. உங்களுக்குத் தொடையில படர்தாமரை வந்து ரெண்டு மாசம் ரிஜிஸ்டரு அட்டையிலயே சொறிஞ்சுக்கிட்டு நின்னீங்க. அதுவும் பூஞ்சைதானுங்க. அந்தக் கையாலதான் பசங்களுக்கு முட்டை எண்ணிக் குடுத்தீங்க. உங்களைய யாராச்சும் சர்டிபிகேட் கேட்டாங்களா?"

வார்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார், நீதானே சொன்னாய் என்கிற பார்வை. அவருக்குப் படர்தாமரைக் களிம்பைக் கொடுத்தவன் நான்தான். ஆனால் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதற்கும் அவளே பதில் சொன்னாள். "அவரைய எதுக்குப் பாக்கறீங்க? பசங்க அத்தன பேரும்தான் பாத்தாங்க."

அடுப்படிப் பெண் கரண்டியோடு திரும்பி நின்றாள். வார்டன் முகம் கறுத்துச் சிவந்து, பிறகு ஒரு நிதானத்துக்கு வந்தது. சரி, நாளையிலிருந்து உள்ள வரட்டும் என்றார், என்னிடம் சொல்வதுபோல.

"நாளைக்கு எதுக்குங்க" என்றாள் பூங்கொடி. "பருப்பு இப்பத்தான் வேகுது."

உள்ளே போனாள். அந்தப் பெண் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். பருப்பை ஒரு கிண்டு கிண்டி, உப்புப் பார்த்து, காணாது என்று இன்னும் கொஞ்சம் போட்டாள். நான் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். என்ன ஆனாலும் அன்றைக்கு அங்கேதான் சாப்பிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். கடைசிப் பையனுக்குப் பின்னால், தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு, வார்டனும் வந்து நின்றார்.